குறியும் தீர்க்கதரிசனமும்: தஞ்சைக் குறவஞ்சியிலிருந்து டார்னெய்ட் வரை

விவிலியத்தின் தீர்க்கதரிசன நூல்கள் தமிழில் எவ்வாறு வாசிக்கப்பட்டு வந்துள்ளன என்னும் வினா இறையியலார்க்கு மட்டும் உரியதன்று. வருங்காலம் பற்றிய சொல்லைத் தமிழ் மரபு எவ்வெவ் வடிவங்களில் ஏற்றது, எதனை ஐயுற்றது, எதனை இலக்கியமாக்கியது என்பவற்றோடு பிணைந்த வினா அது. கிறித்தவத் தமிழிலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் ஆகியவற்றின் காப்பிய நலங்களைக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. நம்பிக்கை என்னும் பொருள் 'பக்திச் சுவை' என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கிடம் பெறுகிறது. நம்பிக்கை ஒரு சுவை மட்டுமன்று. அது காலத்தைக் கையாளும் முறை. சொன்னது நிகழாத இடைக்காலத்தில் மனிதர் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதே தீர்க்கதரிசன நூல்களின் உட்கிடக்கை. இக்கட்டுரை தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியை நடுவில் நிறுத்தி அவ்விடைக்காலத்தை ஆராய்கிறது. அங்கிருந்து, மெல்பர்னின் மேற்குப் புறநகரான டார்னெய்ட் போன்ற ஊர்களில் குடியேறியுள்ள தமிழ்க் கிறித்தவர்முன் எரேமியாவின் கடிதம் எழுப்பும் வினாவுக்குச் செல்கிறது.

சொற்களின் இடமாற்றம்

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சீர்திருத்தச் சபைகளின் வேதாகமம் 'தீர்க்கதரிசி' என்று வழங்கும் ஒருவரை, 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'இறைவாக்கினர்' என்கிறது. இதனை வடசொல்லை நீக்கித் தமிழ்ச்சொல் இட்ட செயலாக மட்டும் காண்பது போதாது. தீர்க்கதரிசனம் என்பது நெடுந்தொலைவு காணல். அச்சொல்லின் அழுத்தம் கண்மேல் விழுகிறது. இறைவாக்கு என்பதன் அழுத்தம் வாய்மேல் விழுகிறது. முன்னது கேட்போனை 'என்று நிகழும்?' என்று வினவத் தூண்டுகிறது. பின்னது 'யார் சொன்னது, என்ன செய்யச் சொன்னது?' என்று வினவத் தூண்டுகிறது. இரு வினாக்களும் விவிலியத்துக்குள்ளேயே உள்ளன. ஆயினும் ஒரு தலைமுறை எந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தது என்பது அத்தலைமுறையின் எதிர்பார்ப்பை ஓரளவு வடிவமைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் வியப்புக்குரியது 'நம்பிக்கை' என்னும் சொல்லின் பயணம். கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் கூறும் மூன்று பண்புகளைப் பழைய மொழிபெயர்ப்பு விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப் பெயரிட்டது. திருவிவிலியம் அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. ஒரு மரபில் இரண்டாமிடத்தில் நின்ற சொல் மற்றொரு மரபில் முதலிடத்துக்கு நகர்ந்துவிட்டது. இரு சபைகளைச் சேர்ந்த இருவர் நம்பிக்கையைப் பற்றி மனமொத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வெவ்வேறு பொருளைப் பேசக்கூடும். 'எதிர்நோக்கு' துல்லியமான சொல். ஆயினும் துன்பவேளையில் ஒருவர்க்கு ஒருவர் சொல்லிக்கொள்ளும் சொல்லாக அது இன்னும் பழகவில்லை. நோயுற்றவரிடம் 'நம்பிக்கையோடு இருங்கள்' என்பார்களேயன்றி 'எதிர்நோக்கோடு இருங்கள்' என்பாரைக் காண்பது அரிது.

கைவிடப்பட்ட 'விசுவாசம்' என்ற சொல்லுக்கும் ஒரு சிறப்புண்டு. எபிரேய மொழியின் 'எமுனா' என்பது நம்புதல், நம்பத்தக்கவராய் நிலைத்திருத்தல் ஆகிய இரண்டையும் ஒருங்கே குறிப்பது. தமிழ்ப் பேச்சுவழக்கில் 'எஜமான விசுவாசம்' என்னும்போது விசுவாசம் பற்றுறுதியைக் குறிக்கிறது. ஆலயத்தில் அதே சொல் இறைப்பற்றைக் குறிக்கிறது. ஆபகூக் நூலின் 2ஆம் அதிகாரம், தாமதிக்கும் தரிசனத்துக்குக் காத்திருக்குமாறு கூறியபின் நீதிமானின் வாழ்வுக்கு அடித்தளமாக வைப்பது இந்த இருபொருட் சொல்லையே. நம்புவதும் நிலைத்திருப்பதும் இரண்டல்ல என்னும் கருத்தைத் தமிழ் பேச்சுவழக்கு தற்செயலாகவே காத்துவைத்திருந்தது.

விரிச்சியும் குறியும்

வருவது உணர்த்தும் சொல் தமிழுக்குப் புதியதன்று. முல்லைப்பாட்டில், போருக்குச் சென்ற தலைவனின் வரவுக்காகத் தலைவி காத்திருக்கிறாள். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் மலரும் தூவி விரிச்சி கேட்கின்றனர். கன்றினை ஆற்றும் ஆயர்மகளின் சொல் நற்சொல்லாக அவர்கள் செவியில் விழுகிறது. அதனை வந்து கூறித் தேற்றியும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. திறனாய்வாளர் கவனிக்க வேண்டிய இடம் இது. நற்சொல் பொய்யென்று அவள் கருதவில்லை. நற்சொல் கேட்டதனாலேயே பிரிவு குறைந்துவிடாது என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். அந்த இருத்தலை நற்சொல் தாங்குகிறது, அதனை அகற்றுவதில்லை.

இம்மரபின் பின்வந்த வடிவமே குறவஞ்சி. தலைவன்மேல் காதல்கொண்டு வாடும் தலைவிக்குக் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வது அதன் மையம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி இவ்வகைக்கு அளவுகோலாக நிலைத்தது. அவ்வடிவத்தைக் கிறித்தவப் பொருளுக்கு ஆக்கிக்கொண்டவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மறைப்பணியாளர் சுவார்ட்ஸால் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு, பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோசியோடு உடன்பயின்று, 1864 வரை வாழ்ந்த அவர் 1800ஆம் ஆண்டளவில் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அதில் தலைவி தேவமோகினி, அவள் திருச்சபை. தலைவர் பெத்லகேம் நாதர். குறி சொல்பவள் ஞானச் சிங்கி, அவள் விசுவாசம். அவள் கணவன் ஞானச் சிங்கன், ஊர் ஊராய்ச் சென்று உபதேசிப்பவன். அவனுக்குத் துணை நூவன். பறவைகள் ஆன்மாக்கள், வலை நற்செய்தி.

இந்த ஆக்கத்தின் துணிச்சல் பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. அதன் இடர் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. உபாகமம் 18ஆம் அதிகாரம் குறி கேட்பதையும் நாள் பார்ப்பதையும் கடுமையாக விலக்குகிறது. விலக்கிய கையோடு, மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி எழுவார் என்றும் வாக்களிக்கிறது. குறியும் தீர்க்கதரிசனமும் ஒன்றற்கொன்று மாற்று என்பதே அவ்வதிகாரத்தின் அமைப்பு. அங்ஙனமிருக்க, தீர்க்கதரிசனங்களின் சாரத்தைக் குறத்தியின் வாயில் வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

புலவர் நாட்டார் வடிவத்தை மதமாற்றக் கருவியாகக் கொண்டார் என்று விடையிறுத்து நகர்வது எளிது. நூலின் அமைப்பு வேறொரு விடையை வைத்திருக்கிறது. குறத்தியின் அறிவு கைரேகையிலிருந்து வருவதன்று, நூலிலிருந்து வருவது. சிங்கி சொல்வன, ஏற்கெனவே எழுதப்பட்டு, வாசிக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கத்தக்க செய்திகள். குறியின் மறைபொருள் தன்மை இங்கே கழன்றுவிடுகிறது. குறத்தியின் தோற்றமும் தாளமும் துணிவும் மட்டும் எஞ்சுகின்றன. வானியல், உலக நாடுகள் பற்றிய புதிய அறிவையும் புலவர் இந்நூலில் தாராளமாகப் புகுத்தியிருப்பது இதற்கு இயைபானதே. கோள்களின் இயக்கத்தை விளக்கும் நூல், கோள்களைக் கொண்டு பலன் சொல்வதைத் தன்னையறியாமலே வலுவிழக்கச் செய்கிறது.

இரண்டாவது, இன்னும் ஆழமான செய்தி, குறவஞ்சி என்னும் வகையின் கட்டமைப்பில் உள்ளது. எந்தக் குறவஞ்சியிலும் தலைவனும் தலைவியும் கூடும் காட்சி அரங்கில் நிகழ்வதில்லை. குறி சொல்லி முடிந்ததும், பரிசில் பெற்ற குறத்தி புறப்பட்டுவிடுகிறாள். தலைவி மேடையிலிருந்து மெல்ல மறைகிறாள். பிற்பாதி முழுவதும் சிங்கன் கண்ணி வைப்பதும் சிங்கியைத் தேடுவதுமாகக் கழிகிறது. உலகியல் குறவஞ்சிகளில் இதனை அமைப்புக் குறையாகக் கருதினோர் உண்டு. பெத்லகேம் குறவஞ்சியில் அதே அமைப்பு பொருளாகிவிடுகிறது. திருச்சபைக்கு வாக்கு கிடைத்துவிட்டது. திருமணம் இன்னும் நிகழவில்லை. இடையே நடப்பது உழைப்பு. வலை கட்டுதல், அலைதல், துணையைத் தேடுதல், சிறு பிணக்கு, நகை எல்லாம் வாக்குக்கும் நிறைவேற்றத்துக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்புகின்றன. குறவஞ்சி என்னும் வடிவம் இதனை ஏற்கெனவே தன்னுள் கொண்டிருந்தது. அதன் முழுப்பயனையும் பெற்றவர் சாஸ்திரியார்.

இங்கு ஒரு கறையையும் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. சாஸ்திரியாரின் பற்றுறுதியில் சாதி வழக்கங்களின் மீதான பற்றும் கலந்திருந்தது. 1820களில் தஞ்சைச் சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்ற இளைய மறைப்பணியாளர்களை அவர் எதிர்த்தார். 1829இல் 'சாதியாசாரசம்பாவினை' என்னும் நூலில் தம் தரப்பை எழுதினார். மரபைக் காப்பதும் வாக்குக்கு நிலைத்திருப்பதும் ஒன்றென அவர் கருதினார் போலும். ஆமோசும் எசாயாவும் ஏழையரை ஒடுக்கும் வழிபாட்டை இறைவன் வெறுப்பதாக முழங்கிய பகுதிகள், தீர்க்கதரிசனத்தை இத்தனை நயமாகப் பாடிய புலவரை அந்த இடத்தில் தொடவில்லை. எதிர்காலத்தைக் காட்டும் சொல்லாக மட்டும் தீர்க்கதரிசனத்தைக் கொள்ளும்போது, நிகழ்காலத்தைக் கண்டிக்கும் அதன் பாதி செவியில் விழாமற்போவது இவ்வாறே.

நாள் குறித்தவர்கள்

வாக்கினைக் குறியாக மாற்றிவிடும் ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் கிளர்ந்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர், தானியேல் நூலின் எண்களைக் கணக்கிட்டு இயேசுவின் மறுவருகை நெருங்கிவிட்டதென அறிவித்தார். அவர் வழிவந்தோர் குறித்த 1844 அக்டோபர் 22 கடந்தது. அந்நாள் பெரும் ஏமாற்றம் என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. திருவிதாங்கூரில், தமிழ் அந்தணக் குடும்பப் பின்னணியுடைய யுஸ்துஸ் யோசேப்பு 1875இல் தொடங்கிய இயக்கம் ஆறே ஆண்டுகளில் ஆண்டவர் வருவார் என்றது. 1881 வந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. இயக்கம் சுருங்கியது. வித்துவான் குட்டி என்னும் பெயரால் அவர் இயற்றிய மலையாளப் பாடல்களோ கேரளச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. நாள் பொய்த்தது, பாட்டு நின்றது. அப்பாடல்களுள் காத்திருப்பு இருந்தது, கணக்கு இல்லை என்பதே அவை பிழைத்ததற்குக் காரணமாகலாம்.

இவ்விடத்தில் தானியேல் நூல் 9ஆம் அதிகாரம் ஒரு திறனாய்வுப் பாடமாகிறது. அங்கே தானியேல் வாசகராகத் தோன்றுகிறார். எரேமியாவின் நூலை எடுத்து எழுபது ஆண்டு என்னும் எண்ணைக் காண்கிறார். கண்டதும் அவர் கணக்கிடவில்லை. நோன்பிருந்து தம் மக்களின் குற்றத்தை அறிக்கையிடுகிறார். எண்ணைப் பற்றிய புதிய விளக்கம் அதன்பின்னரே வருகிறது. தீர்க்கதரிசனத்தை வாசிக்கும் முறையைத் தீர்க்கதரிசன நூலே காட்டும் இடமாக இதனைக் கொள்ளலாம்.

எரேமியாவின் கடிதமும் டார்னெய்ட்டும்

டார்னெய்ட் மெல்பர்ன் நகர மையத்துக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், விண்டம் மாநகர்ப் பகுதியில் உள்ள சமவெளி ஊர். 2015இல் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டபின் வயல்வெளிகள் விரைந்து மனைகளாயின. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தோர் பெருந்தொகையினராய் வாழும் புறநகர்களுள் அதுவும் ஒன்று. அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் தமிழகத்தின் ஒரு வழக்கம் கூடவே வந்திருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையின்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுப்பர். அதில் அச்சிட்ட வசனம் அவ்வாண்டுக்குரிய வாக்காகக் கொள்ளப்படும். எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம், நல்ல எதிர்காலத்தைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற வாக்கு, இவ்வட்டைகளிலும் சுவர் நாட்காட்டிகளிலும் மிகுதியாகக் காணப்படுவது.

அட்டை எடுப்பதில் குறி கேட்கும் பழைய மரபின் சாயல் இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் உணரலாம். அதனை மூடநம்பிக்கையென்று தள்ளுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. விரிச்சி கேட்ட முதுபெண்டிரின் பரிவு அதிலும் உண்டு. குறை வேறிடத்தில் உள்ளது. 11ஆம் வசனத்துக்கு முன்னுள்ள 10ஆம் வசனம் அட்டையில் இடம்பெறுவதில்லை. எழுபது ஆண்டுகள் நிறைந்தபின் என்பது அதன் நிபந்தனை. அக்கடிதத்தை முதலில் கேட்ட பெரியோர் எவரும் எருசலேமைத் திரும்பக் காணப்போவதில்லை. அவர்களுக்கு அளிக்கப்பட்ட நம்பிக்கை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குரியது. தாங்கள் துய்க்காத நன்மைக்காக அவர்கள் செய்ய வேண்டியவையோ மிக எளிய செயல்கள்: வீடு கட்டுதல், தோட்டம் நடுதல், அதன் கனியை உண்ணுதல், மணம் செய்வித்தல், குடியிருக்கும் நகரின் நலத்துக்காக மன்றாடுதல்.

இதற்கு எதிர்க்குரல் முந்தைய அதிகாரத்திலேயே ஒலிக்கிறது. அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் அனைவரும் திரும்பிவிடலாம் என்கிறான். மக்கள் கேட்க விரும்பிய சொல் அது. எரேமியாவும் அப்படியே ஆகட்டும் என்றே முதலில் விடையிறுக்கிறார். அவருக்கும் அவ்விருப்பம் இருந்தது. விருப்பத்தைக் கொண்டு வாக்கினை அளக்கக் கூடாது என்பதே இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு. புலம்பெயர்ந்தோர் இல்லங்களில் 'இன்னும் இரண்டே ஆண்டு, பிறகு ஊருக்குப் போய்விடலாம்' என்னும் பேச்சு பழக்கமானது. பெட்டியை முழுதும் பிரிக்காமலே பதினைந்தாண்டு கழித்த குடும்பங்கள் உண்டு. குளிர்காலத்தில் தொட்டியோடு உள்ளே எடுத்துவைத்துக் காப்பாற்ற வேண்டிய கறிவேப்பிலையை நடுவதற்கும் அதன் இலையைக் கிள்ளிச் சமைப்பதற்கும் எரேமியாவின் கடிதத்தில் நேரடியான இடமுண்டு. அனனியாவின் சொல்லில் இல்லை.

ஆயினும் ஒப்புமையை அளவோடு கொள்ள வேண்டும். பாபிலோனுக்குச் சென்றோர் சிறைபிடிக்கப்பட்டோர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர்காக்க வெளியேறியோர்க்கு அவ்வுவமை வலிமையோடு பொருந்தும். தொழில்முறை நுழைவுரிமை பெற்றுக் கணினிப் பணிக்கும் மருத்துவப் பணிக்கும் வந்தோர்க்கு அது முழுமையாகப் பொருந்தாது. இன்னொன்றும் கருதத்தக்கது. டார்னெய்ட் என்னும் பெயரே அந்நிலத்தின் தொல்குடியினரான வதாரோங் மக்களின் சொல்லாக அறியப்படுகிறது. வெண்மை என்று அதற்குப் பொருள் கூறுவர். 1835க்குப் பின் அம்மக்கள் தங்கள் நிலத்தை இழந்தனர். அங்கே வீடு கட்டித் தோட்டம் நடுவோர் தம்மை எரேமியாவின் கடிதத்தைப் பெற்றவராக மட்டும் எண்ணிக்கொண்டால், நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டோர் யார் என்னும் வினா மறைந்துவிடும்.

சாத்ராக் என்னும் பெயர்

அவ்வினாவை மறக்கவிடாத ஒரு வரலாறு விக்டோரியாவின் வடஎல்லையில் உண்டு. தாமஸ் சாத்ராக் ஜேம்ஸ் 1859இல் மொரிஷியசில் பிறந்தவர், இந்திய மரபினர், தமிழ் மரபினர் என்றே அவரைக் குறிப்போரும் உளர். 1881இல் மர்ரே ஆற்றங்கரையிலிருந்த மலோகா மறைப்பணித் தளத்தில் ஆசிரியரானார். பின்னர் அங்கிருந்த மக்களோடு கம்மராகுஞ்சாவுக்குச் சென்று 1922 வரை கற்பித்தார். யோர்த்தா யோர்த்தா மகளான ஏடா கூப்பரை மணந்து அம்மக்களுள் ஒருவராகவே வாழ்ந்து 1946இல் மறைந்தார். தொல்குடி உரிமைப் போராட்டத்தின் முன்னோடிகளான வில்லியம் கூப்பரும் டக்ளஸ் நிக்கல்சும் அவரிடம் கற்றவர்கள். 1886இல் மலோகாவுக்கு வந்த அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் குழுவினர் பாடிய பார்வோனின் படை பற்றிய பாடல் யோர்த்தா யோர்த்தா மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. அப்பணியில் ஜேம்ஸுக்குப் பங்குண்டு என்பர். அடிமைகளின் சந்ததியார் பாடிய விடுதலைப் பாட்டு, நிலமிழந்தோரின் மொழியில், இந்தியக் கடல்வழி வந்த ஓர் ஆசிரியரின் துணையோடு மறுபிறவி எடுத்தது. இங்கே தீர்க்கதரிசனம் வருங்காலக் கணக்காக வாசிக்கப்படவில்லை. எகிப்து எது, பார்வோன் யார் என்று தம் காலத்தில் அடையாளம் காண்பதாக வாசிக்கப்பட்டது.

அவர் பெயரிலுள்ள சாத்ராக், தானியேல் நூல் 3ஆம் அதிகாரத்தில் தீச்சூளையில் எறியப்பட்ட மூவருள் ஒருவன். அம்மூவரும் மன்னனுக்குக் கூறும் மறுமொழியின் கருத்து விவிலியத்தில் தனித்து நிற்பது: எங்கள் இறைவன் காக்க வல்லவர், காக்காவிடினும் பணியமாட்டோம். நம்பிக்கையும் நிலைத்திருத்தலும் அந்த 'காக்காவிடினும்' என்னும் ஒரு சொல்லில் பிரிந்து மீண்டும் இணைகின்றன. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலமான பனியனின் கதையிலும் பற்றுறுதியைக் குறிக்கும் வழித்துணைவன் மாயச்சந்தையில் கொல்லப்படுகிறான். அவன் மரணத்தைக் கண்டே எதிர்நோக்கைக் குறிக்கும் அடுத்த துணைவன் பயணியோடு சேர்கிறான். நன்மை கண்டபின் பிறக்கும் நம்பிக்கையன்று அது.

வில்லியம் கூப்பர் எழுபது வயதைக் கடந்தபின் மெல்பர்னின் மேற்கிலுள்ள புட்ஸ்கிரேயில் குடியேறினார். மன்னருக்கு அனுப்ப 1,814 கையொப்பங்கள் திரட்டினார். அரசு அதனை அனுப்ப மறுத்தது. 1938 டிசம்பர் 6 அன்று, ஜெர்மனியில் யூதர்மீது நிகழ்ந்த கொடுமையைக் கண்டித்து ஒரு குழுவோடு மெல்பர்னிலிருந்த ஜெர்மன் துணைத்தூதரகத்துக்குச் சென்றார். அங்கே அவரது மனு ஏற்கப்படவில்லை. 1941இல் மறைந்தார். தம் நாட்டில் தாமே குடியுரிமை மறுக்கப்பட்டிருந்த ஒருவர், எரேமியாவின் மக்களுக்காகக் குரல்கொடுத்தார். புட்ஸ்கிரேயில் நின்று செல்லும் ஜீலாங் வழித்தடத் தொடர்வண்டியே இன்று டார்னெய்ட்டுக்கும் செல்கிறது.